ஆறுக்கு ஆறு: நிறக்குறியீட்டுக் குரோஷே குழுப் பெட்டி

இந்தக் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பெட்டியில் 36 நிற நூலுருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பதினறும எண். அது கணினித் திரையில் ஒரு நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, சொல்லும் குறியீடு. நீலம் 153-இல் நிற்க, சிவப்பும் பச்சையும் 51, 51 ஆக ஆறு படி ஏறுகின்றன. ஆறு பேர் ஆளுக்கு ஆறு சதுரம், 10 செ.மீ. அளவில் பின்னிச் சேர்த்தால் 60 செ.மீ. சுவர்த்தொங்கல். அருமையான திட்டம்.

நிறப்பொருத்தம் பெரும்பாலும் நன்று. #663399 ஊதா அழகாக வந்திருக்கிறது. ஆனால் சிவப்பு சுழியம், பச்சை 255 உள்ள சதுரம் மங்கல்தான். அது சாயம் போட்டவரின் குறையல்ல. திரை ஒளியை உமிழ்கிறது, நூல் விழும் ஒளியில் ஒரு பகுதியையே திருப்பித் தருகிறது. நூலைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விளக்கு மாறினால் பக்கத்துப் படிகள் ஒன்றுபோலத் தெரியும்.

பெட்டியோடு வரும் கையேட்டின் பெரிய குறை, அளவு பார்க்க முதலில் ஒரு மாதிரி பின்னச் சொல்லாதது. ஒரே 4 மி.மீ. ஊசியிலும் இறுக்கிப் பின்னுபவரின் சதுரம் சிறுக்கும், தளர்த்துபவருடையது பெருக்கும். இணைக்கும்போது ஓரம் சுருங்கி அலையடிக்கும். முதல் சதுரத்தை அளந்து, சிறியதென்றால் 4.5, பெரியதென்றால் 3.5 ஊசிக்கு மாறுங்கள். எல்லாவற்றையும் நனைத்து, ஒரே அளவுக்குக் குண்டூசி குத்தி, முழுக்கக் காயவிட்ட பிறகே இணையுங்கள். நனைக்கும்போது அடர்நிறங்கள் தனி. சாயம் இறங்கினால் வெளிர்நிறச் சதுரம் பாழ்.

இணைக்க வெள்ளை நூல் தந்திருக்கிறார்கள். தவறான தேர்வு. வெள்ளைக்கு நடுவே அடர்நிறங்கள் இன்னும் இருண்டுபோகும். நடுத்தரச் சாம்பல் நூல் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சதுரத்தின் பின்புறமும் அதன் நிற எண்ணெழுதிய துணிச்சீட்டு கட்டுவது கட்டாயம்.