பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: ஏழு மழைக்காலத்துக்குப் பிறகு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றேகால் அடி கனத்தில் சுவர். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு சாரல் அடித்தால் வடகிழக்குச் சுவர்தான் முதலில் ஊறும்.

2014-ல் அந்தச் சுவருக்கு வெளியே சிமெண்ட் பூசி, தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற பெயிண்டையும் அடித்தோம். முதல் மழையில் சொட்டு ஈரமில்லை. அடுத்த வருஷம் உள்பக்கம் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அம்மாவின் பீரோ முதுகெல்லாம் பூசணம். சிமெண்ட் விறைப்பானது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரோடு சேர்ந்து அசையாமல், மயிரிழையாக வெடித்துவிட்டது. வெடிப்பில் இறங்கிய தண்ணீரைப் பெயிண்ட் வெளியே விடவில்லை, அது வீட்டுக்குள் வந்தது.

2018 மாசியில் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, சுவரை ஒன்றரை மாதம் காயவிட்டோம். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லிசாக இரண்டு தடவை பூசினார். வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டி வைத்தோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகுகிற பொருள் அது, அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். மேலே வெள்ளையடிப்பு மட்டும்தான்.

அந்த வருஷமே நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. ஓடுகள் பறந்தன. சுவர் நனைந்து கருத்தது, உள்ளேயும் ஈரம் தெரிந்தது. ஆனால் மழைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ந்துவிட்டது, உப்புப் பூக்கவில்லை. அதற்கப்புறம் வந்த மழைக்காலங்களிலும் அப்படித்தான்.

குறையும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தே ஆகவேண்டும். தரையிலிருந்து ஏறும் ஓதத்தை இந்தப் பூச்சு நிறுத்தவில்லை. சுவரை ஒட்டிப் போட்டிருந்த சிமெண்ட் தளத்தை உடைத்து, ஜல்லி நிரப்பிய வாய்க்கால் எடுத்த பிறகுதான் கீழ் இரண்டடி தேறியது. கையில் காசு குறைவு என்றால், பூச்சுக்கு முன் இறவாரத்தை நீட்டுங்கள். நாங்கள் ஒன்றரை அடி நீட்டினோம், பாதிச் சாரல் சுவரில் படுவதே இல்லை.

ஜன்னலுக்கு அடியில் ஓரிடம் தட்டினால் பொக்கையாகச் சத்தம் கேட்கிறது. ஐப்பசிக்குள் அதைப் பெயர்த்துப் பூசவேண்டும், சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.