பிரிகாம் மருத்துவமனையின் கணினி எச்சரிக்கை அமைப்பு: ஒரு மதிப்பீடு

பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த மின்னணு நோயாளர் பதிவேட்டுக்கு, மருத்துவருக்கு உரிய நேரத்தில் நினைவூட்டும் விதிகளை வகுத்த வகையில், உயர்ந்த மதிப்பெண் தருவேன். இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரப்படும் அமியோடரோன் மருந்தில் அயோடின் மிகுதி என்பதால் தைராய்டு பாதிக்கப்படலாம். ஓராண்டுக்கு மேல் அதை உட்கொள்பவருக்கு அண்மையில் தைராய்டு பரிசோதனை நடக்கவில்லை என்றால் திரையில் எச்சரிக்கை தோன்றும். மருத்துவ நோக்கில் இவ்விதியில் குறை காண முடியாது.

பராமரிப்பில்தான் சறுக்கியது. 2009 இறுதியில், கணினியில் அம்மருந்தைக் குறிக்கும் உள் குறியீட்டு எண் மாற்றப்பட்டது. விதியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்ததால், புதிதாக மருந்தைத் தொடங்கியவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. முன்பே மருந்து எடுத்துவந்தவர்களுக்கு எச்சரிக்கை தொடர்ந்ததால் எண்ணிக்கை மெல்ல மெல்லவே குறைந்தது. 2013இல் ஒரு செயல்விளக்கத்தின்போதுதான் கோளாறு தற்செயலாகக் கண்ணில் பட்டது. தேவையற்ற எச்சரிக்கை வந்தால் மருத்துவர் புகார் செய்வார். வராத எச்சரிக்கையைப் பற்றி யார் புகார் செய்வார்?

இதை ஆய்வாளர்கள் மறைக்காமல் 2016இல் வெளியிட்டது பெரிதும் பாராட்டுக்குரியது. அவர்கள் கேட்டறிந்த, மருத்துவமனைகளின் கணினித் தகவல் அமைப்புகளுக்குப் பொறுப்பான மருத்துவத் தகவல் தலைமை அதிகாரிகள் 29 பேரில் 27 பேர் தங்கள் இடத்திலும் இத்தகைய கோளாறு நேர்ந்ததாகக் கூறியுள்ளனர். ஆகவே இவ்வகை மென்பொருளை வாங்கும் மருத்துவமனை, ஒவ்வொரு விதிக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறிக்கவும், குறியீடு மாறும்போதெல்லாம் விதிகளை மறுசோதனை செய்யவும், எச்சரிக்கைகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் வரைபடமாகப் பார்க்கவும் அதில் வசதி உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். அவை இல்லாத எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.