பென்ஹோல்டு பேக்ஹேண்ட்: சீன மட்டையா, ஜப்பான் மட்டையா, பிடி அறுத்த ஷேக்ஹேண்டா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடையில் டேபிள் டென்னிஸுக்குப் பேனாவைப் போல் பிடிக்கும் பென்ஹோல்டு பிளேடு (ரப்பர் ஒட்டாத மர மட்டை) கேட்டால், பெரும்பாலும் கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் ஷேக்ஹேண்டைத்தான் எடுத்து வைப்பார்கள். அதனால் பேனா பிடிப்பில் ஆட விரும்புகிறவருக்கு மூன்று வழிதான். சீன பென்ஹோல்டை வெளியூரிலிருந்து வரவழைக்கலாம். ஜப்பான் பென்ஹோல்டை வரவழைக்கலாம். கையில் இருக்கும் ஷேக்ஹேண்டின் பிடியை அறுத்துக்கொள்ளலாம். மட்டையின் பின்முகத்தால் அடிக்கும் ரிவர்ஸ் பேக்ஹேண்டை நிம்மதியாக ஆட வேண்டுமென்றால் நான் சீன மட்டையைத்தான் எடுப்பேன், அதுவும் அதன் தோளை, அதாவது பிடியும் தலையும் சேரும் வளைவை, உப்புத்தாளால் தேய்த்த பிறகு. தேய்க்காமல் ஆடினால் மூன்றுமே கையைக் கடிக்கும்.

ஜப்பான் மட்டையைக் குறைத்துப் பேச மனம் வராது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஒற்றையர் இறுதியில் கொரியாவின் ரியூ சியுங் மின் இந்த வகை மட்டையோடுதான் வாங் ஹாவை வென்றார். ஹினோக்கி என்ற ஜப்பானிய மரத்தில் ஒரே பலகை, ஒன்பது பத்து மில்லிமீட்டர் கனம், சுட்டுவிரல் கோத்துக்கொள்ளத் தக்கை மேடு. ஃபோர்ஹேண்டுக்கு அதன் சுகமே தனி. ஆனால் அந்தத் தக்கை மேடுதான் பேக்ஹேண்டுக்கு எதிரி. சுட்டுவிரலை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் அடிக்கோ சுட்டுவிரல் தளர்ந்து, கட்டைவிரல் அழுத்த வேண்டும். மேட்டைச் சீவிவிடலாம், தக்கை கத்திக்கு எளிதாக இணங்கும். ஆனாலும் நீள்சதுரத் தலையின் நுனி கனம் அப்படியேதான் இருக்கும். பின்பக்கம் இன்னொரு ரப்பரும் ஏறிவிட்டால் மணிக்கட்டு சீக்கிரம் ஓய்ந்துபோகும். ஒரு முகத்தால் மட்டும் ஆடுகிறவருக்கு இது நல்ல மட்டை.

ஷேக்ஹேண்டை அறுப்பது கைச்செலவு இல்லாத வழி. பிடி ஏறத்தாழ 100 மி.மீ. இருக்கும். அதை 80, 82 மி.மீ.க்குக் குறைக்க வேண்டும். அறுக்கும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு, இரும்பறுக்கும் ரம்பம் போல் நுண்பல் உள்ளதால் அறுத்தால் சிலாம்பு எழாது. சில பிடிகளுக்குள் பொள்ளல் இருக்கும், அறுத்தால் ஓட்டை தெரியும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம். வால் பக்கத்தில் சில கிராம் போவதால் எடை தலைப்பக்கம் சாயும், அதையும் பழகிக்கொள்ளலாம். சரியாகாதது கழுத்துதான். ஷேக்ஹேண்ட் பிடி உள்ளங்கைக்குச் செய்தது, இரண்டு விரலுக்குச் செய்ததல்ல. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சுற்றி வந்தும் ஒன்றையொன்று நெருங்காது. பிடியின் இரு பக்கத்தையும் சீவினால்தான் வழி, அதற்கு ஆகும் உழைப்பு புது மட்டைக்குத் தோள் தேய்ப்பதைவிட அதிகம். அறுத்த மட்டையை அப்புறம் யாருக்கும் விற்கவும் முடியாது. பேனா பிடிப்பு கைக்கு ஒத்துவருமா என்று பார்க்க, பழைய மட்டை ஒன்றை அறுக்கலாம், அவ்வளவுதான்.

இனி சீன மட்டை. லியூ குவோலியாங் 1996இலும் மா லின் 2008இலும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வாங்கியது இந்த வகையில்தான். 2024 பாரிஸில் பிரான்ஸின் ஃபெலிக்ஸ் லெப்ரன் வெண்கலம் வென்றதும் இந்த வகை மட்டையால்தான். பிடி ஏறக்குறைய 80 மி.மீ., தலை வட்டத்தை ஒட்டிய வடிவம். எல்லாம் சரி, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது தோள் செங்கோண விளிம்போடுதான் வரும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சவ்வில் அது பதியும். வலிக்குப் பயந்து கை தானாகவே பிடியைத் தளர்த்தி மேலே ஏறிவிடும். கை ஏறினால் மட்டையின் முகம் மூடாது, அதாவது மேசையை நோக்கிச் சாயாது; முகம் மூடாவிட்டால் டாப்ஸ்பின் (முன்பக்கமாகச் சுழலும்) பந்து மேசைக்கு வெளியே பறக்கும். “எனக்கு ரிவர்ஸ் அடி வரவில்லை” என்று சொல்கிறவரின் மட்டையைத் தடவிப் பாருங்கள், பாதிக் குறை அந்த விளிம்பில் இருக்கும்.

தேய்க்கும் முன் ரப்பர் ஒட்டி நாலைந்து நாள் ஆடுங்கள். தோல் எங்கே சிவக்கிறதோ அங்கே மட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பரை உரித்துவிட்டு, ஒட்டும் பரப்பை டேப்பால் மறையுங்கள். கட்டைவிரல் பக்கம் பிடியிலிருந்து விளிம்போடு 35, 40 மி.மீ. நீளம், சுட்டுவிரல் பக்கம் 20, 25 மி.மீ. போதும். கட்டைவிரல் பக்கமே அதிகம் போக வேண்டும், ரிவர்ஸ் அடியில் மட்டையைத் தள்ளிச் சாய்ப்பது அந்த விரல்தான்.

80 அல்லது 100ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு தடித்த மார்க்கர் பேனாவில் சுற்றிக்கொள்ளுங்கள். மட்டையின் முகத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கீழ்வாக்கில் மட்டும் இழுங்கள். விளிம்பிலிருந்து முகத்துக்கு ஏற்றி இழுத்தால் தாள் மேலடுக்கின் நுனியில் மாட்டி அதைப் பெயர்த்துவிடும். ஐந்தடுக்கு மட்டையில் தேயத் தேய அடுக்குகள் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கோடுகள்தான் அளவுகோல். முன்பக்கம் இரண்டு கோடு தெரிந்து பின்பக்கம் ஒன்றுகூடத் தெரியவில்லையென்றால் தேய்ப்பு ஒருபக்கமாகப் போகிறது. நடுப்பலகை தெரிந்ததும் நிறுத்திவிட்டு மட்டையைப் பிடித்துப் பாருங்கள். பிறகு 180, கடைசியில் 400. விளிம்பு பென்சிலைப் போல் உருண்டையாக வர வேண்டும். சரிவாகச் சீவினால் ஒரு முனைக்கு இரண்டு முனையாகிக் கடிக்கும்.

இந்த வேலையை ஆசாரியிடம் கொடுப்பதானால் பக்கத்திலேயே இருங்கள். நம் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் பர்மா தேக்கில் இழைத்துப் பழகிய கை அது. அவர் அரம் லிம்பா போன்ற மென்மரத்தில் நாலு இழுப்புக்குள் நடுப்பலகைக்கே போய்விடும். அரம் வேண்டாம், உப்புத்தாள் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க ரப்பர் இல்லாமலே ஐம்பது முறை ரிவர்ஸ் வீச்சு வீசுங்கள். சவ்வு பிடியோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், சுட்டுவிரல் தளர்ந்தாலும் மட்டை நழுவக் கூடாது. அப்படியும் நடுவிரலின் பக்கவாட்டில் வலித்தால் பின்பக்கத் தோளிலும் கொஞ்சம் உருட்டுங்கள். ரப்பரைத் திரும்ப ஒட்டும்போது பிடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஆரம்பியுங்கள். விரல் படும் அந்த இடத்தை வெறுமையாக விடுவதற்கு விதியில் இடமுண்டு.

எடையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிளேடு 85 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பின்பக்க ரப்பரின் ஸ்பாஞ்ச் 1.8 அல்லது 2.0 மி.மீ. போதும். இரண்டு பக்கமும் 2.2 போட்டு மொத்தம் 190 கிராமைத் தாண்டினால், தோள் எவ்வளவு வழவழப்பாக இருந்தும் மூன்றாவது கேமில் கை தொங்கிவிடும்.

தேய்த்த இடத்துக்கு வார்னிஷ் பூசுவதில் இரண்டு கருத்து உண்டு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில், பந்து பறக்கக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டு ஆடுகிறோம். வியர்வைக் கையில் வார்னிஷ் வழுக்கும். வெறும் மரம் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிப் பிடிமானம் தரும். அழுக்கு ஏறினால் மாதம் ஒருமுறை 400ஆம் நம்பர் தாளால் லேசாகத் துடைத்தால் போதும். ரப்பர் ஒட்டும் முகத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள், இல்லையென்றால் ரப்பரை மாற்றும்போது மேலடுக்குச் சிலாம்பும் கூடவே உரிந்து வரும்.

இவ்வளவும் முழு மர மட்டைக்குச் சொன்னது. கார்பன் இழை வைத்த மட்டையில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. மேலடுக்குக்கு அடுத்தே கார்பன் இருந்தால் தேய்க்கும்போது இழை பிசிறாக நிற்கும், தூளும் தோலில் அரிக்கும். மூக்கை மூடிக்கொண்டு 240க்குக் கீழான கரட்டுத்தாளைத் தொடாமல் மெதுவாகப் போக வேண்டும். முதல் மட்டையே கார்பனாக இருந்தால், தேய்க்கப் பழக வேறொரு பழைய மர மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.