டெம்ப்ளேட் செய்து தருகிறேன் என்பவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மொரிஷியஸில் சிறு தொழில் செய்யும் நம்மவர்கள் யாராவது இணையதளம் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நான் 48,000 மொரிஷியஸ் ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, 2025 காவடி சமயத்தில் கைநழுவிப்போன ஆர்டர்கள்தான் இன்னும் மனத்தை அறுக்கின்றன.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி ரோஸ்ஹில்லுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. மாமியாரிடம் செட் காரி சமைக்கக் கற்றுக்கொண்டேன். வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறும் இந்த ஊர்க் கல்யாணச் சாப்பாடு அது. வாழைக்காய், பலாக்காய், பூசணி, கீரை, பருப்பு என்று போகும். நம் ரசம் இங்கே ‘ரசோன்’ ஆகிவிட்டது. முதலில் அக்கம்பக்கத்தாருக்குச் செய்தேன். அப்புறம் கல்யாணம், காவடி விரதச் சாப்பாடு, வீட்டுப் பூஜை என்று 11 வகை விருந்துகளாக வளர்ந்துவிட்டது.

ஒவ்வொரு வகைக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பக்கங்கள் வேண்டும். மொத்தம் 33. எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றேதான்: மேலே படம், கீழே பதார்த்தங்கள், இலைக்கு இவ்வளவு என்று விலை, கடைசியில் ஆர்டர் செய்ய வேண்டிய எண். அதனால் நான் கேட்டது ஒன்றுதான். ஒரு டெம்ப்ளேட், அதாவது பக்கங்களுக்கான அச்சு, செய்து கொடுங்கள், புதிய விருந்து வந்தால் அதை வைத்து நானே பக்கம் போட்டுக்கொள்கிறேன், விலையோ எண்ணோ மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்றிருக்க வேண்டும்.

தெரிந்தவர் மூலம் வந்த ஒரு இளைஞர் ஒப்புக்கொண்டார். இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், பக்கங்களை வடிவமைக்கும் எலிமென்டர் என்ற துணைக் கருவியை வைத்துச் செய்வதாகச் சொன்னார். பெயரெல்லாம் சொல்லப் போவதில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. “டான்டீன், பா ட்ரகாசே” என்பார் எப்போதும். அத்தை, கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். 2024 ஆகஸ்டில் 24,000 ரூபாய் முன்பணம். நவம்பரில் தளத்தைக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மீதி 24,000 ரூபாயை அன்றைக்கே போனில் அனுப்பிவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். காட்டியதைப் பார்த்தேனே தவிர, ஒன்றையும் நானே மாற்றிப் பார்க்கவில்லை.

2025-இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11 அன்று வந்தது. இங்கே அது அரசு விடுமுறை நாள். விரத நாட்களில் எங்களுக்கு ஆர்டர் குவியும். ஜனவரி கடைசியில் என் போன் எண் மாறியது. முகப்புப் பக்கத்தில் போய்ப் புதிய எண்ணைப் போட்டேன். எல்லாப் பக்கத்திலும் மாறியிருக்கும் என்று நம்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். எப்போதும் அடிக்கும் போன் அந்த வருடம் அடிக்கவே இல்லை. காவடி முடிந்து மூன்றாம் நாள் கோயிலில் ஒரு அக்கா கேட்டார்: “ஏம்மா, நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவே இல்லையே?” அவர் பார்த்தது காவடிச் சாப்பாட்டுப் பக்கம். அதில் பழைய எண்ணே இருந்தது. மற்ற 32 பக்கங்களிலும் அப்படித்தான்.

அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். பக்கத்துக்கு 300 ரூபாய் கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்றார். ஒரு போன் எண்ணை மாற்ற 9,900 ரூபாய்!

என் சின்ன மாமனார் மகன் இங்குள்ள ஐ.டி. மையமான எபேன் சைபர் சிட்டியில் வேலை பார்க்கிறார். அவரை வீட்டுக்கு அழைத்துத் தளத்தைத் திறந்து காட்டினேன். சேமித்த டெம்ப்ளேட்டுகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டெம்ப்ளேட் என்று ஒன்று செய்யப்படவே இல்லை. அந்த இளைஞர் ஒரு பக்கத்தைச் செய்து அதையே 33 தடவை நகல் எடுத்திருக்கிறார். எல்லாப் பக்கத்திலும் மேலே வரும் தலைப்பட்டையும் கீழே வரும் அடிப்பட்டையும்கூட ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தனித்தனியாக ஒட்டியவை. முறுக்கு அச்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, 33 முறுக்கைப் பிழிந்து தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கொழுந்தன் விளக்கிய ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். டெம்ப்ளேட் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குச் சொல்கிறார்கள். ஒன்று நகல் வகை. எலிமென்டரில் ஒரு பக்கத்தை டெம்ப்ளேட்டாகச் சேமித்து இன்னொரு பக்கத்தில் செருகினால், செருகிய நொடியிலிருந்து அது தனி ஆள். மூல டெம்ப்ளேட்டை அப்புறம் திருத்தினாலும் செருகிய பக்கங்கள் மாறாது. மற்றது இணைப்போடு இருக்கும் வகை. வேர்ட்பிரஸ்ஸிலேயே இது இலவசமாக உண்டு. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு ‘ரீயூசபிள் பிளாக்’ என்று வந்தது. 2023 ஆகஸ்டில் 6.3 பதிப்பில் அதற்கு ‘சிங்க்டு பேட்டர்ன்’ என்று பெயர் மாற்றினார்கள். பேட்டர்னை உருவாக்கும்போது சிங்க் வேண்டுமா என்று கேட்கும், ஆம் என்று வைக்க வேண்டும். அப்புறம் அதை ஓரிடத்தில் திருத்தினால், அது இருக்கிற எல்லாப் பக்கமும் மாறிவிடும். தலைப்பட்டை, அடிப்பட்டை, போன் எண் எல்லாம் இந்த வகையில் இருக்க வேண்டும். பதார்த்தப் பட்டியல் விருந்துக்கு விருந்து மாறும், அதற்கு நகல் வகையே சரி. எதை எதில் வைப்பது என்று யோசிப்பதுதான் இந்த வேலையே. அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

தமிழ்ப் பக்கங்களின் கதி இன்னும் மோசம். நான் யுனிகோடில் டைப் செய்து அனுப்பிய வரிகளை, தன் வடிவமைப்போடு பொருந்தவில்லை என்று அந்த இளைஞர் படமாக்கி ஒட்டியிருந்தார். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தில் திருத்த முடியாது. விலை ஐந்து ரூபாய் ஏறினாலும் புதுப் படம் செய்ய வேண்டும், அதற்கும் அவரிடமே போக வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் காசில்லாமலே கிடைக்கின்றன, ஒன்றைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இந்த நாட்டு ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். நாட்டின் மத்திய வங்கியான மொரிஷியஸ் வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட ஊரில், என் சாப்பாட்டுப் பட்டியல் ஒழுங்கான தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டது அதிகமா?

சரி, தளத்தைக் கொடுத்துவிடுங்கள், வேறு ஆளை வைத்துச் சரிசெய்துகொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அடுத்தது தெரிந்தது. எனக்கு அவர் கொடுத்திருந்தது ‘எடிட்டர்’ கணக்கு. அதில் பக்கம் எழுதலாம், திருத்தலாம், அவ்வளவுதான். இடது ஓரப் பட்டியலில் ‘பிளகின்ஸ்’ (துணைக் கருவிகள்) என்ற வரியே எனக்கு வரவில்லை. அது வரவில்லை என்றால் சாவி நம் கையில் இல்லை என்று அர்த்தமாம். முழு அதிகாரம் உள்ள ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கு அவருடையது. தளத்தின் முகவரியான டொமைன் பெயரும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. கேட்டதும் இன்னும் 15,000 ரூபாய் என்றார். நான் கொடுக்கவில்லை. அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் காசில் நீங்களே வாங்குங்கள். தளத்தைக் காட்ட வரும்போது அவர் கையில் மவுஸைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் நுழைந்து, அடிப்பட்டையில் இருக்கும் எண்ணில் ஒரு இலக்கத்தை நீங்களே மாற்றுங்கள். பிறகு நாலைந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள், எல்லாவற்றிலும் மாறியிருக்க வேண்டும். அடுத்து டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு புதுப் பக்கத்தை அவர் உதவி இல்லாமல் உருவாக்குங்கள். தமிழ் வரிமேல் விரலை இழுத்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், முடியவில்லை என்றால் அது படம். இவ்வளவும் நடந்தபிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இப்போது வேறு டொமைனில் புதிய தளம் ஓடுகிறது. கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, அச்சை நானே செய்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில், ஆறு வாரம். 33 பக்கங்களும் அதிலிருந்து வந்தவைதான். போன வாரம் தேங்காய் விலை ஏறியதால் எல்லா விருந்துக்கும் பொதுவான ஒரு குறிப்பைச் சேர்த்தேன். ஒரே இடத்தில் எழுதினேன், எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டது.

பழைய தளம் இன்னும் அப்படியே இணையத்தில் கிடக்கிறது. நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். எங்கள் வாடிக்கையாளர்கள் யாராவது இதைப் படித்தால், அதிலுள்ள எண்ணைக் கூப்பிட வேண்டாம், அது இப்போது எங்களுடையது இல்லை.