கலம்காரி: வீட்டிலேயா, வாடகை அறையிலா?

கலம் என்கிற மூங்கில் பேனாவால் துணியில் வரைகிற கலம்காரி ஓவியத்தைக் காளஹஸ்தியில் கற்றுக்கொண்டு நகரி, புத்தூர் பக்கம் திரும்புகிற பெண்களுக்கு முதல் குழப்பமே, எங்கே உட்கார்ந்து வரைவது என்பதுதான்.

வீட்டில் வரைந்தால் வாடகை மிச்சம், அவ்வளவுதான். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறிய துணியைக் காயப்போட்டால் வாசலில் ஈ மொய்க்கும், மாமியார் முகம் மாறும். கறுப்பு மைக்கு வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பைப் போட்டுப் பல நாள் புளிக்கவிடுகிற பானையை எங்கே வைப்பது? என் சிநேகிதி குளியலறையில் வைத்திருந்தாள், யாரோ அழுக்குத் தண்ணீர் என்று கொட்டிவிட்டார்கள். அதைவிட மோசம், மூங்கில் கலத்தில் இழுத்த கோடு பாதி போனதும் "அண்ணி, குக்கர் விசில் வந்துடுச்சு" என்ற குரல். திரும்பி வருவதற்குள் மை காய்ந்து, ஒட்டுப்போட்ட கோடு கண்ணைக் குத்தும்.

அறை என்றால் மாதாமாதம் காசு, அப்புறம் "தனியா அங்க என்ன பண்றா" என்ற பேச்சு. சரி, பேசட்டும். கேரளத்தில் பொன்னானிப் பக்கம் 1940இல் பிறந்த ஓவியர் டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தின்போது இறந்துவிட்டார். வரையக் கிடைக்கிற காலமே கொஞ்சம், அதில் பாதியைக் குக்கருக்குக் கொடுக்க முடியாது. என் ஓட்டு அறைக்கு. கைக்குழந்தை இருந்தால் மட்டும் மொட்டைமாடி ஷெட்டைப் பாருங்கள், மழைக்காலத்தில் துணி காயாது என்று தெரிந்துகொண்டே.