ஒரு தேதியைச் சுமந்து நிற்கும் இரண்டு ஜாடிகள்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 95ஆம் அறை, சீனப் பீங்கானை நேசிப்பவர்கள் அவசரமின்றி நின்று பார்க்க வேண்டிய இடம். சர் பெர்சிவல் டேவிட் சேகரித்த ஏறத்தாழ 1,700 பொருள்கள் அங்கே உள்ளன, நுழைவுக் கட்டணமும் இல்லை.

என் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை ‘டேவிட் ஜாடிகள்’ எனப்படும் நீல வெள்ளை இணை ஜாடிகள்தாம். சுமார் 63 செ.மீ. உயரம், யானைத்தலைக் கைப்பிடிகள், மேகங்களுக்கிடையே நெளியும் டிராகன் எனக் கண்ணைக் கவருபவை பல இருந்தாலும், அவற்றின் உண்மையான மதிப்பு கழுத்துப் பகுதியில் நீலத்திலேயே எழுதப்பட்ட வரிகளில் இருக்கிறது: சீனாவை மங்கோலியர் ஆண்ட யுவான் ஆட்சியில், 1351ஆம் ஆண்டில், ஒரு தாவோயிசக் கோயிலுக்கு அளிக்கப்பட்ட காணிக்கை என்று அவை சொல்கின்றன. நீல வெள்ளைப் பீங்கான் யுவானை அடுத்து வந்த மிங் வம்சக் காலத்துக்கு முன்பே முதிர்ச்சி பெற்றுவிட்டது என்பதற்கு அந்தத் தேதி அசைக்க முடியாத சான்றாயிற்று. கைப்பிடிகளில் ஒருகாலத்தில் தொங்கிய வளையங்கள் இன்று இல்லாதது எனக்கு வருத்தமே.

இவை அரண்மனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அரசப் பீங்கானைத் தேடுவோர் மிங் பேரரசர் சுவான்தேயின் (1426–1435) ஆட்சிக்காலப் பொருள்களை நாட வேண்டும். எந்தப் பேரரசரின் காலத்தது என்று சொல்லும் ஆறு எழுத்து ஆட்சி முத்திரையோடு, நீல நிறம் தரும் கோபால்ட் நிறமி திரண்டு கருமையாகப் படிந்த புள்ளிகளையும் அவற்றில் காணலாம். சூளையில் தானாக நேர்ந்த அந்தக் குறையை, 18ஆம் நூற்றாண்டின் சீனப் பீங்கான் நகரான ஜிங்தேஜனின் கலைஞர்கள் தூரிகையால் புள்ளியிட்டு வேண்டுமென்றே வரவழைத்தார்கள் என்றால், அதன் அழகு அவர்களை எவ்வளவு ஆட்கொண்டிருக்க வேண்டும்!