அஞ்சு வருஷத்துக்கு மேல டீப் லிங்க்கோட: ஒரு லேப் ரிப்போர்ட் ஆப்ல கத்துக்கிட்டது

கோயம்புத்தூர்ல ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஆப் பண்ணிக் குடுத்து 2020ல இருந்து நாங்களே பாத்துக்கிட்டு வர்றோம். ஆப்போட வேலை சின்னதுதான். ரிப்போர்ட் ரெடியானதும் எஸ்எம்எஸ் போகும், அதுல ஒரு லிங்க் இருக்கும், அத தொட்டா ஆப் திறந்து நேரா அவங்க ரிப்போர்ட் வந்து நிக்கணும். இப்படி ஆப்புக்குள்ள இருக்கிற ஒரு பக்கத்துக்கே நேரா கூட்டிட்டுப் போற லிங்க்குக்குத்தான் டீப் லிங்க்னு பேரு. ஹோம் ஸ்க்ரீன்ல வந்து நின்னா பத்தாதுங்க, ஏன்னா வர்றவங்கள்ல பாதிப் பேரு அறுபது வயசத் தாண்டுனவங்க, அங்கிருந்து மெனுவத் தேடி உள்ள போகச் சொன்னா ஃபோன கீழ வெச்சுட்டு லேப் கவுண்டருக்குக் கூப்பிட்டுருவாங்க. பயாப்ஸி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற ஒருத்தர் லிங்க்க தொட்டு வெறும் லாகின் பக்கத்தப் பாத்தா என்ன மனநிலைல இருப்பாருன்னு நெனச்சுப் பாருங்க. அதனாலதான் இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் இவ்ளோ வருஷமா பிடிவாதமா இருக்கேன்.

மொதல்ல நாங்க போட்டது கஸ்டம் ஸ்கீம். அதாவது ஹெச்டிடிபிஎஸ்னு ஆரம்பிக்கிற எடத்துல ஆப் பேரையே வெச்சு ஒரு முகவரி. பத்து நிமிஷ வேலை, எங்க ஃபோன்ல அருமையா ஓடுச்சு. ஆனா எஸ்எம்எஸ்ல போட்டா அது லிங்க்காவே தெரியல, வெறும் எழுத்தா கெடக்குது, தொட்டா ஒண்ணும் ஆகல. ஆப் இல்லாத ஃபோன்ல அதத் திறக்க முயற்சி பண்ணுனா போக எடமே இல்ல. இதையெல்லாம் விட பெரிய பிரச்சனை, அந்தப் பேர வேற எந்த ஆப்பும் எனக்கும் வேணும்னு பதிஞ்சுக்கலாம், இது உன்னோடதான்னு கேக்க ஆளில்ல. மெடிக்கல் ரிப்போர்ட்டோட டோக்கன், அதாவது அந்த ரிப்போர்ட்ட அடையாளம் காட்டுற ரகசிய எழுத்துத் தொடர், அதுல போகுது, அது தப்பான ஆப் கைல போச்சுன்னா? ரெண்டே மாசத்துல தூக்கிட்டோம். இன்னைக்கும் ஒரே ஃபோன்ல நம்மளோட ரெண்டு ஆப் பேசிக்கிறதுக்கு, டெஸ்ட்டிங்க்கு அது போதும், வெளிய அனுப்புற லிங்க்குக்கு வேண்டாம்.

அப்புறம் சாதா வெப் முகவரிக்கு மாறுனோம். ஆண்ட்ராய்டுல இதுக்கு ஆப் லிங்க்ஸ்னு பேரு, ஐஃபோன்ல யூனிவர்சல் லிங்க்ஸ், ரெண்டுமே 2015ல வந்தது. அடிப்படை ஒண்ணுதான்: இந்த டொமைன், அதாவது வெப்சைட் பேரு, என்னோடதுன்னு ஆப் சொல்லணும், இந்த ஆப் என்னோடதுன்னு டொமைனும் திருப்பிச் சொல்லணும், ரெண்டும் பொருந்துதான்னு பாக்குறதுதான் வெரிஃபிகேஷன். டொமைன் சொல்றதுக்கு சர்வர்ல புள்ளியோட ஆரம்பிக்கிற வெல்-நோன் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல். ஆண்ட்ராய்டுக்கு அசெட்லிங்க்ஸ் ஜேசன், அதுல பேக்கேஜ் பேரும் (ஆப்போட அடையாளப் பேரு), ஆப்புக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுற சைனிங் சர்டிஃபிகேட்டோட எஸ்ஹெச்ஏ-256 ஃபிங்கர்பிரிண்ட்டும் (அந்தக் கையெழுத்த அடையாளம் காட்டுற நீள எண்) இருக்கும். ஆப்பிளோடதுக்கு கடைசில எக்ஸ்டென்ஷனே கெடையாது, உள்ள டீம் ஐடியும் பண்டில் ஐடியும் (யாரோட ஆப், எந்த ஆப்னு காட்டுறது), முகவரில டொமைனுக்கு அப்புறம் வர்ற எந்தெந்த பாத் ஆப்புக்குப் போகணும்ங்கிறதும் இருக்கும். ஆப் இருந்தா ஆப் திறக்கும், இல்லன்னா அதே முகவரி பிரவுசர்ல சாதாரணப் பக்கமா திறக்கும்.

இது எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருஷத்துக்கும் மேல நிம்மதியா இருந்தோம். 2022 ஆரம்பத்துல லேப் கவுண்டர்ல நான் நின்னுக்கிட்டிருந்தப்ப ஒரு அம்மா வந்து ஃபோன நீட்டுனாங்க, "தம்பி, முன்னெல்லாம் இதத் தொட்டா உங்க ஆப்பு வரும், இப்ப புது ஃபோன்ல குரோம் வருது, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" வாங்கிப் பாத்தா ஆண்ட்ராய்டு 12. என்ன நடந்துச்சுன்னா, எங்க வெரிஃபிகேஷன் மொதல் நாள்ல இருந்தே ஃபெயில்தான். அதுக்கு முன்னாடி இருந்த ஆண்ட்ராய்டுல வெரிஃபை ஆகலன்னாலும் எந்த ஆப்ல திறக்கணும்னு ஒரு பொட்டி வந்து கேக்கும், ஜனங்க எங்க ஆப்ப தேர்ந்தெடுத்து எப்பவும்னு அமுக்கிட்டாங்க, அதுவே நாங்க செஞ்ச தப்ப மறைச்சிருச்சு. ஆண்ட்ராய்டு 12ல அந்தப் பொட்டி போச்சு, டொமைன் வெரிஃபை ஆகலன்னா லிங்க் நேரா பிரவுசருக்குத்தான் போகும்.

ஏன் ஃபெயில் ஆச்சுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு, இத யாராவது அப்பவே சொல்லியிருக்கக் கூடாதான்னு தோணுச்சு, அதனால விரிவாவே சொல்றேன். நாங்க அந்த ஃபைல்ல போட்டிருந்தது ஸ்டோருக்கு ஆப் ஏத்தும்போது கையெழுத்துப் போட எங்க கிட்ட இருக்கிற அப்லோட் கீயோட ஃபிங்கர்பிரிண்ட். ஆனா பிளே ஆப் சைனிங்ல சேந்திருந்தா, நாம ஏத்துற ஃபைல கூகுள் அவங்ககிட்ட இருக்கிற வேற ஒரு கீய வெச்சு கையெழுத்துப் போட்டுத்தான் பேஷண்ட் ஃபோனுக்கு அனுப்புது. ஸ்டோர்ல இருந்து எறங்குன ஆப்போட ஃபிங்கர்பிரிண்ட் வேற, சர்வர்ல நாங்க எழுதி வெச்சது வேற. என் ஃபோன்ல ஓடுனது லேப்டாப்ல இருந்து நேரா போட்ட பில்டு, அது எங்க கீ, அதனால எனக்கு எப்பவும் சரியாவே வேலை செஞ்சுது. பிளே கன்சோல்ல (நாம ஆப் ஏத்துற கூகுள் தளம்) ஆப் சைனிங் பக்கத்துக்குப் போனா சரியான ஃபிங்கர்பிரிண்ட்டோட அந்த ஜேசனே ரெடியா இருக்கும், அத எடுத்துக்கோங்க. எங்க டெஸ்ட் பில்டும் ஓடணும்கிறதுக்காக ரெண்டு ஃபிங்கர்பிரிண்ட்டையும் சேத்தே போட்டோம், அதுக்கு அனுமதி உண்டு.

அதோட இன்னொரு தப்பும் மாட்டுச்சு. எங்க டொமைன் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாம வந்தா அது இருக்கிற முகவரிக்கு ரீடைரக்ட் ஆகும், அதாவது தானா திருப்பி விட்டுரும், பிரவுசர்ல யாருக்கும் தெரியாது, ஆனா வெரிஃபிகேஷன் ரீடைரக்ட்ட ஏத்துக்காது, ஃபைல் நேரா அந்த எடத்துலயே கெடைக்கணும். ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட விவரம் எழுதுற ஃபைல்) நாலு ஹோஸ்ட், அதாவது நாலு டொமைன் பேரு எழுதி ஒண்ணு தவறுனாலும் நாலுமே போச்சு, 12ல இருந்துதான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாக்குது. பழைய ஃபோன் வெச்சிருக்கிறவங்க நம்ம ஊர்ல நெறைய, அதனால தேவையில்லாத ஹோஸ்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே ஒரு சப்டொமைன் (டொமைன் பேருக்கு முன்னாடி ஒரு சொல் சேத்தது) வெச்சுக்கிட்டோம், ரிப்போர்ட் லிங்க்குக்கு மட்டும். இப்போ ஒவ்வொரு ரிலீஸ்லயும் ஸ்டோர்ல இருந்து எறக்குன ஆப்ப வெச்சு ஏடிபில (கம்ப்யூட்டர்ல இருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்புற டூல்) கெட்-ஆப்-லிங்க்ஸ் கமாண்ட் அடிச்சுப் பாப்போம், டொமைனுக்குப் பக்கத்துல வெரிஃபைடுன்னு வரணும், 1024ன்னோ அதுக்கு மேலயோ நம்பர் வந்தா எங்கயோ கோளாறு.

ஐஃபோன் கதை வேற மாதிரி. ஐஓஎஸ் 14ல இருந்து ஃபோன் நம்ம சர்வருக்கு நேரா வந்து அந்த ஃபைல எடுக்கிறதில்ல, ஆப்பிளோட சிடிஎன் (ஃபைல வாங்கி வெச்சு ஃபோன்களுக்குக் குடுக்குற சர்வர் கூட்டம்) வந்து எடுத்து வெச்சுக்கும், ஃபோன் அங்கிருந்து வாங்கிக்கும். நாங்க பாதுகாப்புக்குன்னு சர்வர இந்தியாவுக்குள்ள இருந்து வர்ற ஐபிக்கு மட்டும் திறந்து வெச்சிருந்தோம், பேஷண்ட் தகவல் இருக்கேன்னு நல்ல எண்ணத்துலதான் பண்ணுனது. சிடிஎன் வெளிநாட்டுல இருந்து வந்து கதவத் தட்டிட்டு திரும்பப் போயிருச்சு. பிரவுசர்ல நான் பாத்தா ஃபைல் ஜம்முன்னு இருக்கு, ஐஃபோன்ல மட்டும் லிங்க் சஃபாரிலயே நிக்குது. அந்த ஒரு பாத்துக்கு மட்டும் தடைய எடுத்ததும் சரியாச்சு, அதுவும் உடனே இல்ல, சிடிஎன் புது ஃபைல எடுக்க ஒரு நாள் வரைக்கும் ஆகலாம். டெவலப்மெண்ட் நேரத்துல ஆப்ல டொமைன் பேரு எழுதுற அசோசியேட்டட் டொமைன்ஸ் எடத்துல டெவலப்பர் மோட் போட்டுக்கிட்டா சிடிஎன்ன தாண்டி நேரா நம்ம சர்வர்ல எடுத்துக்கும், நெறைய நேரம் மிச்சம்.

சஃபாரில முகவரிய டைப் பண்ணி டெஸ்ட் பண்ணாதீங்க, அது எப்பவும் ஆப்ப திறக்காது, நோட்ஸ்ல ஒட்டி அங்கிருந்து தொட்டுப் பாருங்க. நம்ம வெப்சைட் பக்கத்துல இருந்தே அதே டொமைன் லிங்க்க தொட்டாலும் சஃபாரிலயேதான் நிக்கும், ஆப்ல திறங்கன்னு பட்டன் வைக்கிறதா இருந்தா அது வேற சப்டொமைனுக்குப் போகணும். சில சோஷியல் ஆப்புங்க லிங்க்க தங்களுக்குள்ள இருக்கிற பிரவுசர்லயே திறந்துருது, அங்க நம்மளால செய்ய முடிஞ்சது ரொம்பக் கம்மி. அதனாலதான் வெப் பக்கத்தயும் முழுசா வேலை செய்யுற மாதிரி வெச்சிருக்கோம், மொபைல் நம்பருக்கு ஓடிபி அடிச்சா ரிப்போர்ட் அங்கயே தெரியும்.

ஆப்புக்குள்ள எழுதுற கோடு பத்தி சொல்லணும்னா, மூணு நெலமைல லிங்க் வரும்: ஆப் மூடியிருக்கும்போது, பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும்போது, லாகின் பண்ணாம இருக்கும்போது. மொத ரெண்டையும் எல்லாரும் டெஸ்ட் பண்ணுவாங்க. மூணாவதுலதான் அழுகை, ஓடிபி பாக்குறதுக்காக மெசேஜ் ஆப்புக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரேம் கம்மியான ஃபோன் நம்ம ஆப்ப கொன்னுருது, மெமரில மட்டும் வெச்சிருந்த லிங்க் காணாமப் போயிருது. இப்போ லிங்க் வந்ததும் மொதல்ல ஸ்டோரேஜ்ல எழுதிட்டுத்தான் மத்த வேலை, லாகின் முடிஞ்சதும் எடுத்து அந்த ரிப்போர்ட்டுக்குப் போவோம். இன்னொண்ணு, லிங்க்ல இருந்து ரிப்போர்ட் பக்கத்துக்கு நேரா வந்தவங்க பேக் அமுக்குனா ஆப் மூடிக்கக் கூடாது, ரிப்போர்ட் பட்டியலுக்குப் போகணும். இதப் போட்டதும் பழைய ரிப்போர்ட் எங்கன்னு கேட்டு வர்ற ஃபோன் கவுண்டர்ல நல்லாவே கொறஞ்சுது.

லிங்க்ல வர்ற எதையும் நம்பாதீங்க. ரிப்போர்ட் நம்பர வரிசையா வெச்சா ஒரு எண்ண மாத்தி அடுத்தவங்களோடத எட்டிப் பாக்க முயற்சி பண்ணுவாங்க, அதனால நீளமான ரேண்டம் டோக்கன், அதுக்கு மேல லாகின் பண்ணியிருக்கிற நம்பருக்கு அந்த ரிப்போர்ட் சொந்தமான்னு சர்வர் ஒவ்வொரு தடவையும் பாக்கும். லிங்க்குக்குள்ள இன்னொரு முழு முகவரிய வாங்கி வெப்வியூல (ஆப்புக்குள்ளயே வெப் பக்கத்தக் காட்டுற ஜன்னல்) திறக்குற வேலைய எந்தக் காரணத்துக்கும் பண்ணாதீங்க, உங்க ஆப்புக்குள்ளயே எவனோ ஒருத்தனோட பொய் லாகின் பக்கம் வந்து உக்காந்துரும்.

2023ல லேப் வெப்சைட்ட புதுசா டிசைன் பண்ணி வேற ஹோஸ்டிங்குக்கு மாத்துனாங்க. புள்ளில ஆரம்பிக்கிற ஃபோல்டர் மறைஞ்சே இருக்கும் இல்லையா, காப்பி பண்ணும்போது அது மட்டும் வரல. ஏற்கனவே இன்ஸ்டால் பண்ணுனவங்களுக்கு ஒண்ணும் ஆகல, புதுசா போட்டவங்களுக்கு மட்டும் லிங்க் பிரவுசர்ல திறந்துச்சு, அதனால மூணு வாரம் யாருக்கும் தெரியாமயே போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு ஃபைலையும் தெனமும் காலைல ஒரு ஸ்கிரிப்ட் எடுத்துப் பாக்குது, ரீடைரக்ட் இல்லாம வருதா, ஃபிங்கர்பிரிண்ட் சரியா இருக்கான்னு பாத்து தப்பா இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் மெசேஜ். இருபது வரி ஸ்கிரிப்ட்தான், இந்த ஆப்ல நாங்க எழுதுனதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது.

சொந்த டொமைன்லயே லிங்க் வெச்சுக்கோங்கன்னு கேக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன். கூகுளோட டீப் லிங்க் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் 2025 ஆகஸ்ட் 25ஓட நின்னுருச்சு, முன்கூட்டியே அறிவிச்சுத்தான் நிறுத்துனாங்க, ஆனா பழைய பில்லுலயும் போஸ்டர்லயும் அச்சடிச்ச லிங்க்க யாரு போய் மாத்துறது? நம்ம நாட்டுல எஸ்எம்எஸ்க்கும் இதே பாடம்தான். 2024 அக்டோபர் 1ல இருந்து டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட விதிப்படி எஸ்எம்எஸ்ல போற லிங்க்க முன்னாடியே பதிஞ்சு வொயிட்லிஸ்ட் பண்ணியிருக்கணும், இல்லன்னா மெசேஜே போகாது. எங்களுக்கு ஒரே சப்டொமைன், மாறாத பாத், கடைசில டோக்கன் மட்டும் மாறும்கிறதால டிஎல்டில (எஸ்எம்எஸ் அனுப்புற நிறுவனங்க பதிவு பண்ணுற தளம்) பதியுறது சுலபமா முடிஞ்சுது.

இன்னும் தீராத ஒண்ணு இருக்கு. ஆப் இல்லாதவங்க லிங்க்க தொட்டு, ஸ்டோருக்குப் போய், ஆப்ப எறக்கித் திறந்தா அதே ரிப்போர்ட்டுல போய் நிக்கணும். ஆண்ட்ராய்டுல பிளே இன்ஸ்டால் ரெஃபரர் (ஸ்டோர் லிங்க்ல வெச்ச தகவல ஆப் எறங்குனதும் அதுக்குக் குடுக்குற வசதி) வழியா டோக்கன அனுப்பி அத பண்ணிட்டோம், நல்லா ஓடுது. ஐஃபோன்ல அதுக்கு நேரான வழி இல்ல, கிளிப்போர்டுல வெச்சு எடுக்கலாம்னு சிலர் சொல்றாங்க, ஆனா ஐஓஎஸ் 16ல இருந்து வேற ஆப்ல காப்பி பண்ணுனத எடுக்கப் போனா அனுமதி கேட்டு ஒரு பொட்டி வரும், உடம்பு சரியில்லாதவங்ககிட்ட அதக் காட்ட எனக்கு மனசு வரல. அதனால ஐஃபோன்ல புதுசா வர்றவங்களுக்கு அந்த வெப் பக்கத்துலயே ரிப்போர்ட்ட மொதல்ல காட்டிட்டு, கீழ சின்னதா ஆப் வேணுமான்னு கேக்குறோம்.